21 கோடி டாலர் பிட்சர், 18 வயதுக் கூடைப்பந்து வீரன்: விலை எப்படிப் போடுகிறார்கள்?

டொரன்டோவில் இருக்கும் ஒரு நண்பர் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். "எங்கள் ப்ளூ ஜேஸ் பேஸ்பால் அணி டிலன் சீஸ் என்ற பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, 7 ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர் கொடுத்து எடுத்திருக்கிறது. 2025 சீசனில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 4.55. அப்படிப் பார்த்தால் சுமாரான பிட்சர்தானே, இவ்வளவு பணம் எதற்கு? அப்புறம், என் அண்ணன் மகன் கூடைப்பந்து நன்றாக ஆடுகிறான், அமெரிக்கக் கல்லூரிகள் அவனைக் கவனிக்கும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். அங்கே ஒரு பையனை எதை வைத்து எடைபோடுகிறார்கள்?"

இரண்டையும் சேர்த்துக் கேட்டது நல்லதாகப் போயிற்று. ஒரு ஆட்டக்காரன் இனிமேல் என்ன செய்வான் என்பதை வாங்குவதுதான் இரண்டு இடத்திலும் நடக்கிறது. பேஸ்பாலில் பழைய கணக்கு மலைபோல இருக்கும், மிச்சம் இருக்கும் நல்ல ஆண்டுகள் குறைவு. கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண்டுகள் நிறைய, கணக்கு கொஞ்சம்தான். முதலில் பிட்சர் விஷயத்தைப் பார்ப்போம். அங்கே பேசுவதற்கு நிறைய இருக்கிறது.

ஈ.ஆர்.ஏ. என்பது ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஃபீல்டர்கள் தவறால் வந்தவை நீங்கலாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்ற சராசரி. குறைவாக இருந்தால் நல்லது. சீஸின் கடைசி ஐந்து ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: 2021-ல் 3.91, 2022-ல் 2.20, 2023-ல் 4.58, 2024-ல் 3.47, 2025-ல் 4.55. ஒரு வருஷம் நாட்டிலேயே முதல் வரிசை, அடுத்த வருஷம் வேலைக்கே ஆபத்து என்பது போலத் தெரிகிறது. அதே ஐந்து ஆண்டுகளில் அவர் எடுத்த ஸ்டிரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது) எண்ணிக்கை 226, 227, 214, 224, 215. இது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரே ஆள், ஒரே கை. அப்படியானால் எந்தக் கணக்கு அவரைப் பற்றிச் சொல்கிறது, எந்தக் கணக்கு அவரைச் சுற்றி நடந்ததைச் சொல்கிறது? பிட்சருக்கு விலை போடும் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விதான்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஸ்டம்பைப் பெயர்த்தால் அது முழுக்க அவர் வேலை. பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு ஸ்லிப்பில் போகிறது, அங்கே நிற்பவர் பிடிக்கிறார் அல்லது கோட்டை விடுகிறார். வீசிய பந்து ஒன்றுதான், ஆனால் ஸ்கோர் புத்தகத்தில் ஒரு நாள் விக்கெட், ஒரு நாள் நாலு ரன். பேஸ்பாலில் ஸ்டிரைக் அவுட் என்பது ஸ்டம்பைப் பெயர்ப்பது மாதிரி, பிட்சரும் மட்டைக்காரரும் மட்டும் சம்பந்தப்பட்டது. பேட்டருக்கு எட்டாத பந்துகளாகப் போட்டு அவரைச் சும்மா முதல் தளத்துக்கு அனுப்பிவைப்பதை வாக் என்பார்கள், அதுவும் பிட்சர் பொறுப்பு. ஹோம் ரன்னும் அப்படித்தான், வேலிக்கு வெளியே போகும் பந்தை எந்த ஃபீல்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற எல்லாமே, அதாவது மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்துகள், ஏழு ஃபீல்டர்களின் கால், காற்று, புல், அதிர்ஷ்டம் எல்லாம் கலந்த சாம்பார்.

2001-ல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் இதைக் கணக்கோடு எழுதியபோது பேஸ்பால் உலகம் அதிர்ந்தது. மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆகுமா (பேட்டர் தளத்தை எட்டிவிடுவது), கேட்ச் ஆகுமா என்பதில் பெரிய லீக் பிட்சர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்றார் அவர். அது முழு உண்மை இல்லை, சிலருக்குக் கொஞ்சம் கட்டுப்பாடு உண்டு என்று பிறகு வந்த ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் அடிப்படை நின்றுவிட்டது. அதிலிருந்து பிறந்த, ஃபீல்டர்களை ஒதுக்கிவிட்டு பிட்சரை மட்டும் பார்க்கும் கணக்குதான் எஃப்.ஐ.பி. ஹோம் ரன்னை 13-ஆல் பெருக்கு, வாக்கையும் உடம்பில் பட்ட பந்தையும் கூட்டி 3-ஆல் பெருக்கு, ஸ்டிரைக் அவுட்டை 2-ஆல் பெருக்கிக் கழி, வந்ததை இன்னிங்ஸால் வகு, ஈ.ஆர்.ஏ. அளவுக்குக் கொண்டுவர 3.10-ஐ ஒட்டிய ஒரு எண்ணைச் சேர். வீட்டில் பேனாவும் தாளும் இருந்தால் போதும், நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

சீஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2022-ல் அவர் பந்தை மட்டையால் தொட்டு மைதானத்துக்குள் விழவைத்தவர்களில் 100-க்குச் சுமார் 26 பேருக்கு மட்டும் ஹிட் கிடைத்தது. 2023-ல் அது 33-ஐ ஒட்டிப் போய்விட்டது. லீக்கின் வழக்கமான அளவு 29, 30. ஆக 2022-ன் 2.20 அவரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டியது, 2023-ம் 2025-ம் கொஞ்சம் அமுக்கிக் காட்டின. உண்மையான சீஸ் நடுவில் எங்கோ இருக்கிறார். அவருக்கு 21 கோடி கொடுத்தவர்கள் 4.55-ஐப் பார்க்கவில்லை, 215-ஐப் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் பார்த்தார்கள். 2021 முதல் 2025 வரை எந்த ஆண்டிலும் அவர் 32-க்குக் குறைவாகக் களமிறங்கியதில்லை. ஐந்து நாளைக்கு ஒரு முறை என்று சுற்று விட்டால் ஒரு பிட்சருக்கு ஒரு சீசனில் கிடைப்பதே 32, 33 ஆட்டம்தான். இன்றைய நிலையில் இது பெரிய விஷயம். ஏன் என்று முழங்கையைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

அதற்கு முன் டொரன்டோக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் ஒரு ஜோடி. 2021-ல் ராபி ரே ப்ளூ ஜேஸுக்காக ஆடி அமெரிக்கன் லீக்கின் (பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார். ஈ.ஆர்.ஏ. 2.84, ஸ்டிரைக் அவுட் 248. அந்தக் குளிர்காலத்தில் ஜேஸ் அவரைப் போகவிட்டு, கெவின் கோஸ்மனை 5 ஆண்டுக்கு 11 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. ரே 11.5 கோடிக்கு சியாட்டில் போனார். விருது வாங்கியவரை விட்டுவிட்டு வேறொருவரை எடுப்பதா என்று அன்றைக்கு நிறையப் பேர் கொதித்தார்கள். இருவருக்கும் வயது 30. கோஸ்மனின் ஈ.ஆர்.ஏ. 2.81, வாக் எண்ணிக்கையும் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் ஒரே இடத்தில் இருந்தது. ரே 33 ஹோம் ரன் விட்டிருந்தார், கோஸ்மன் 20. அத்தனை ஹோம் ரன் விட்டும் ரேயின் ஈ.ஆர்.ஏ. அவ்வளவு குறைவாக இருந்ததற்குக் காரணம், அவர் தளங்களில் நிறுத்தியவர்களில் பத்தில் ஒன்பது பேர் ரன் எடுக்காமலே திரும்பினார்கள். அப்படி ஒரு விகிதம் அடுத்த வருஷமும் தொடரும் என்று யாரும் பந்தயம் கட்டமாட்டார்கள். தொடரவும் இல்லை. 2022-ல் ரேயின் ஈ.ஆர்.ஏ. 3.71, 2023-ல் ஒரே ஒரு ஆட்டம், பிறகு முழங்கை அறுவை. கோஸ்மன் 2023-ல் 237 ஸ்டிரைக் அவுட்டோடு அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்தார், 2025-ல் பேஸ்பாலின் இறுதிக் கோப்பைப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தை ஜேஸுக்காகத் தொடங்கியவரும் அவரே. ரேயின் முழங்கையை யாராலும் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. ஆனால் அந்த 2.84 நிலைக்காது என்பதைப் பார்த்திருக்க முடியும், ஜேஸ் பார்த்தது.

இதற்கு நேர்மாறான கதை பாரி சீட்டோ. 2002-ல் ஓக்லண்டுக்காக 23 வெற்றி, சை யங் விருது. 2006 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவருக்கு 7 ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் கொடுத்தது. ஒப்பந்தத்துக்கு முந்தைய சீசனில் அவர் 16 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 3.83. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2001-ல் 214 இன்னிங்ஸில் 205 ஸ்டிரைக் அவுட் எடுத்த கை, 2006-ல் 221 இன்னிங்ஸில் 151 மட்டும் எடுத்திருந்தது, கூடவே 99 வாக். வீட்டுச் சுவரில் விரிசல் தெரிந்துகொண்டே இருக்க, வெளியே பூசிய வண்ணத்தைப் பார்த்து விலை கொடுத்த மாதிரி. ஜயன்ட்ஸில் ஏழு ஆண்டுகளில் 63 வெற்றி, 80 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 4.62. 2010-ல் அணி உலகத் தொடரை வென்றபோது பிளே ஆஃப் பட்டியலிலேயே அவர் பெயர் இல்லை.

ஆனாலும் சீட்டோவை நினைத்தால் எனக்கு வருவது 2012 அக்டோபர்தான். உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில், செயின்ட் லூயிஸில், ஜயன்ட்ஸ் 3-1 என்று பின்தங்கி, இன்னும் ஒன்று தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஐந்தாவது ஆட்டம். பந்தை சீட்டோ கையில் கொடுத்தார்கள். மணிக்கு 85 மைலைத் தாண்டத் திணறும் பந்துகளை வைத்துக்கொண்டு 7 இன்னிங்ஸும் மேலே இரண்டு அவுட்டும், ஒரு ரன் கூட விடாமல் வீசினார். அடுத்த இரண்டு ஆட்டங்களையும் அணி வென்றது, பிறகு உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் ஜஸ்டின் வெர்லாண்டருக்கு எதிராக வீசி அவரே வென்றார், ஜயன்ட்ஸ் கோப்பையை எடுத்தது. அந்த இரண்டு வாரத்துக்காக 12.6 கோடி தகும் என்று சொல்லமாட்டேன், ஒப்பந்தம் தப்பானதுதான். ஆனால் அணியின் ரசிகர்களிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும், அதையும் தவறென்று சொல்லமாட்டேன்.

சரி, வயதும் முழங்கையும். மேஜர் லீக்கில் ஒரு ஆட்டக்காரர் ஆறு ஆண்டு சேவை முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகலாம், அதாவது விரும்பிய அணியோடு பேரம் பேசலாம். 23, 24 வயதில் உள்ளே வருபவர் சந்தைக்கு வரும்போது 29, 30 ஆகிவிடும். அதாவது அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகளைப் பழைய அணி மலிவாக அனுபவித்துவிட்டது, புதிய அணி இறக்கத்தின் தொடக்கத்தில் முழு விலை கொடுத்து வாங்குகிறது. இந்த அநியாயம் 1975 டிசம்பரிலிருந்து, ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்சர்கள் வழக்கில் ஃப்ரீ ஏஜென்சிக்குக் கதவைத் திறந்த நாளிலிருந்து, இந்தச் சந்தையோடு சேர்ந்தே வருகிறது. அதற்கும் முன்னால் ஆட்டக்காரருக்குப் போக வழியே கிடையாது, அணி வைத்ததுதான் சட்டம். அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

முழங்கையில் உள்பக்கத் தசைநார் ஒன்று இருக்கிறது. வேகமாக வீசும் ஒவ்வொரு பந்திலும் அது இழுபடும், ஒரு நாள் கிழியும். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதற்கு முதல் அறுவையை டாமி ஜான் என்ற டாட்ஜர்ஸ் பிட்சருக்குச் செய்தார், உடம்பின் வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து இங்கே கட்டினார். ஜான் திரும்பி வந்து 46 வயது வரை வீசினார், அறுவைக்குப் பெயரே டாமி ஜான் சர்ஜரி என்று ஆகிவிட்டது. மீண்டு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். அதற்கான சம்பளம் முழுவதும் அணியின் கணக்கில், ஏனென்றால் பேஸ்பால் ஒப்பந்தங்கள் உத்தரவாதமானவை, காயம்பட்டாலும் பணம் நிற்காது. சீஸுக்கே பள்ளி முடித்த 2014-ல் இந்த அறுவை ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகும் ஐந்து ஆண்டு தொடர்ந்து 32 ஆட்டம் என்பதால்தான் அந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

இந்த ஆபத்தைக் காகிதத்தில் கட்டிப்போட ஒரு அணி செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2009 டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஜான் லாக்கியை 5 ஆண்டுக்கு 8.25 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. அவருடைய முழங்கை மேல் சந்தேகம் இருந்ததால் ஒரு வரி சேர்த்தார்கள்: முழங்கையால் நீண்ட காலம் ஆடாமல் போனால், 2015 சீசனை லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு ஆட வேண்டும். அதேபோல முழங்கை போனது, 2012 முழுக்க ஆடவில்லை. 2013-ல் திரும்பி வந்து உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தை பாஸ்டனுக்காக வென்றுகொடுத்தார். 2014-ல் செயின்ட் லூயிஸுக்கு மாற்றினார்கள், அந்த வரியும் கூடவே போனது. 2015-ல் சுமார் 5 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளத்தில் 13 வெற்றி, 2.77 ஈ.ஆர்.ஏ. கொடுத்தார்.

வயதைப் பற்றி ஒரு நேர்மையான விஷயமும் சொல்ல வேண்டும். 1998 டிசம்பரில், ஒரு வாரத்துக்குள், இரண்டு முதிய பிட்சர்கள் கையெழுத்திட்டார்கள். 33 வயது கெவின் பிரவுனுக்கு டாட்ஜர்ஸ் 7 ஆண்டுக்கு 10.5 கோடி டாலர், பேஸ்பாலில் பத்துக் கோடியைத் தாண்டிய முதல் ஒப்பந்தம். 35 வயது ராண்டி ஜான்சனுக்கு அரிசோனா 4 ஆண்டுக்கு 5.24 கோடி. வயதை மட்டும் பார்த்தால் ஜான்சன்தான் ஆபத்து. அவர் 1999-லிருந்து 2002 வரை நான்கு ஆண்டும் சை யங் விருதை வாங்கினார், 2001-ல் உலகத் தொடர் கோப்பையும் வந்தது. பிரவுனும் மோசமில்லை, 2000-லும் 2003-லும் அற்புதமாக வீசினார், இடையில் இரண்டு ஆண்டு காயம். பிட்சர் விஷயத்தில் எந்த ஆண்டு போகும் என்று தெரியாது, ஏழு ஆண்டில் ஒன்றிரண்டு போகும் என்று மட்டும் தெரியும். அதனால் நான் எப்போதும் தொகையைவிட ஆண்டு எண்ணிக்கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

எந்த மைதானம் என்பதும் முக்கியம். 2000 டிசம்பரில் கொலராடோ ராக்கீஸ் மைக் ஹாம்ப்டனுக்கு 8 ஆண்டுக்கு 12.1 கோடி கொடுத்தது. டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று மெலிந்தது, வளைய வேண்டிய பந்து வளையாது, பறக்கும் பந்து இன்னும் தூரம் பறக்கும். முதல் ஆண்டு ஈ.ஆர்.ஏ. 5.41, இரண்டாம் ஆண்டு 6.15, உடனே வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள்.

இப்போது சீஸுக்கு உண்மையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் சும்மா கிடைக்கும் ஒரு சாதாரண பிட்சரைவிட ஒருவர் எத்தனை வெற்றியைக் கூட்டித் தருகிறார் என்பதற்கு வார் என்ற அளவு இருக்கிறது. சீஸ் ஆண்டுக்குச் சுமார் 4. ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் ஒரு வெற்றிக்கு 80, 90 லட்சம் டாலர் போகிறது. வயது ஏற ஏற ஆண்டுக்கு அரை வெற்றி குறையும் என்று வைத்துக்கொண்டால், ஏழு ஆண்டில் 4, 3.5, 3 என்று இறங்கிக் கடைசியில் 1-ல் நிற்கும், மொத்தம் 17.5 வெற்றி. வெற்றிக்கு 90 லட்சம் என்று தொடங்கி விலை ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று வைத்தாலும் என் கணக்கில் 17.6 கோடிதான் வருகிறது. ஜேஸ் கொடுத்தது 21. மூன்றரைக் கோடி அதிகம்.

இந்த மூன்றரைக் கோடியை முட்டாள்தனம் என்று நான் நினைக்கவில்லை. 70 வெற்றி எடுக்கும் அணிக்கு 74 ஆனால் என்ன, 74-ம் வீட்டுக்குத்தான். 90-ல் நிற்கும் அணிக்கு அந்த நாலு வெற்றி அக்டோபர் பிளே ஆஃப்புக்குள் நுழைவதா, வெளியே நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும். 2025 உலகத் தொடரில் ஜேஸ் ஏழாவது ஆட்டத்தின் 11-வது இன்னிங்ஸ் வரை போய் 5-4 என்று தோற்றது. அன்றைக்கு ஜேஸின் சொந்த மைதானமான ரோஜர்ஸ் சென்டரில் கோப்பைக்கு இரண்டே அவுட் தூரத்தில் இருந்தோம், அதை நினைத்தால் இன்னமும் வலிக்கிறது. அப்படிப்பட்ட அணிக்கு ஒரு வெற்றியின் விலை மற்றவர்களுக்கு இருப்பதைவிட அதிகம்.

அந்த ஏழாவது ஆட்டத்தை ஜேஸுக்காகத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? 41 வயது மாக்ஸ் ஷெர்ஸர். 2015 ஜனவரியில் வாஷிங்டன் அவரை எடுத்தபோது அவருக்கு 30 வயது. ஒப்பந்தம் 7 ஆண்டு, 21 கோடி டாலர். சீஸுக்குக் கொடுத்த அதே ஆண்டுகள், அதே தொகை, ஏறக்குறைய அதே வயது. பாதித் தொகையைப் பின்னால் தருவதாகப் பேசி வைத்ததால் வாஷிங்டன் இன்றைக்கும் ஆண்டுக்கு 1.5 கோடி கொடுத்துக்கொண்டிருக்கிறது, 2028 வரை கொடுக்கும். ஒரு காசும் வீண் இல்லை: இரண்டு சை யங் விருது, 2019 கோப்பை. என்னைக் கேட்டால் ஒரு பிட்சருக்குக் கொடுத்த நீண்ட ஒப்பந்தங்களில் இதுதான் சிறந்தது. அதே வாஷிங்டன் 2019 டிசம்பரில், உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்குக்கு 7 ஆண்டுக்கு 24.5 கோடி கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் ஆடியது மொத்தம் 8 ஆட்டம். தோள் அருகே நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கும் நோய் வந்து அவர் வாழ்க்கையே மாறிப்போனது. ஒரே அணி, ஒரே நிர்வாகம், ஒன்று ஆகச் சிறந்தது, ஒன்று ஆக மோசமானது.

சீஸ் ஷெர்ஸர் ஆவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை, காரணம் வாக். ஷெர்ஸர் வாஷிங்டனில் முதல் ஆண்டே 276 ஸ்டிரைக் அவுட் எடுத்து 34 வாக்தான் கொடுத்தார். சீஸ் 2025-ல் கொடுத்தது 71. வேகம் குறையும் வயதில் கட்டுப்பாடு உள்ளவன் பிழைப்பான், இல்லாதவன் திணறுவான். முதல் மூன்று ஆண்டு நன்றாகப் போகும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வாக் எண்ணிக்கை 60-க்குக் கீழே வராவிட்டால் கடைசி மூன்று ஆண்டு கனமாக இருக்கும்.

இனி உங்கள் அண்ணன் மகன். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். கூடைப்பந்தில் இதை நம்பித்தான் பள்ளி ஆட்டக்காரர்களுக்கு நட்சத்திர எண்ணிக்கை போடும் பட்டியல்கள் எல்லாம் நடக்கின்றன. பட்டியலின் உச்சியில் அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது. ஆனால் முளை எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. அந்தோணி டேவிஸ் சிகாகோவில் பள்ளியில் படித்தபோது ஆறடி சொச்சம் உயரமுள்ள சாதாரண கார்டு (பந்தைக் கையாண்டு முன்னே கொண்டுபோகும் ஆட்டக்காரர்), பெரிய கல்லூரிகள் எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச காலத்தில் எட்டு அங்குலம் வளர்ந்தார், கார்டின் கைப்பழக்கம் அப்படியே இருந்தது. ஒரே கோடையில் நாட்டின் உச்சிக்குப் போனார், 2012-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஸ்டீபன் கரியின் அப்பா ஆடிய வர்ஜீனியா டெக்கே அவருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்க முன்வரவில்லை, டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். பிறகு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பெரிய நட்சத்திரம் ஆனார்.

உங்கள் பக்கத்து ஊர்க் கதையே இருக்கிறது. டொரன்டோவை ஒட்டி வளர்ந்த ஆண்ட்ரூ விகின்ஸ் 2013-ல் நாட்டின் முதல் இடத்தில் இருந்த பள்ளி மாணவர், கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்ததே தலைப்புச் செய்தி. ஹாமில்டனைச் சேர்ந்த ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் 2017-ல் கென்டக்கி போனபோது அவரோடு சேர்ந்த பலர் பட்டியலில் அவருக்கு மேலே இருந்தார்கள், தொடக்கத்தில் அவரைப் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். விகின்ஸ் நல்ல ஆட்டக்காரர் ஆனார், 2022-ல் என்.பி.ஏ. கோப்பையும் வென்றார். ஷே 2025-ல் என்.பி.ஏ.வின் சிறந்த ஆட்டக்காரர். ஷேயிடம் முன்பே தெரிந்தவை என்ன? ஆறரை அடி உயரத்துக்கு ஏறக்குறைய 7 அடிக் கை விரிப்பு, அவசரப்படாத கால், எந்த இடத்திலும் தடுத்து ஆடும் தன்மை. ஒரு பள்ளி ஆட்டத்தில் எத்தனை புள்ளி எடுத்தான் என்பதில் இதெல்லாம் வராது. பலவீனமான எதிரணிக்கு எதிராக 30 புள்ளி என்பது பிட்சரின் வெற்றி எண்ணிக்கை மாதிரி, சுற்றியிருப்பவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். அனுபவமுள்ள கோச் கை நீளம், கால் வேகம், பந்து கையில் இல்லாதபோது என்ன செய்கிறான், ஃப்ரீ த்ரோ எவ்வளவு சதவீதம் போடுகிறான் என்று பார்ப்பார். ஃப்ரீ த்ரோவில் எதிராளியும் இல்லை, கூட ஆடுபவனும் இல்லை, அது கையின் சொந்தக் கணக்கு. அதனால்தான் தூரத்திலிருந்து போடும் திறமை வளருமா என்பதற்கு அதையே நம்புகிறார்கள்.

ஆனால் இன்றைக்கு 18 வயதுப் பையனுக்கு ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. 2021 ஏப்ரலில் கல்லூரி மாறும் வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் ஒரு முறை உடனே ஆடலாம் என்று விதி வந்தது, 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆனது. 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி. 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரம்பு. கல்லூரிக் கூடைப்பந்து இப்போது ஒரு ஃப்ரீ ஏஜென்ட் சந்தை. 22 வயதில், கல்லூரி அளவில் நூறு ஆட்டம் ஆடிக் கணக்கு வைத்திருப்பவன் கிடைக்கும்போது, பள்ளிக் கணக்கு மட்டும் உள்ள பையனுக்கு எதற்கு இடம் தர வேண்டும் என்று கோச் யோசிக்கிறார். 2025-ல் கோப்பை வென்ற ஃபுளோரிடாவைப் பாருங்கள். வால்டர் கிளேட்டன் அயோனாவிலிருந்து வந்தவர், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து, வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்து. அதே ஆண்டு நாட்டின் முதல் பையன் கூப்பர் ஃபிளாக்கை வைத்திருந்த டியூக் அரையிறுதியில், மூத்த ஆட்டக்காரர்கள் நிறைந்த ஹூஸ்டனிடம் தோற்றது.

உங்கள் அண்ணன் மகனுக்கு இதன் பொருள், பெரிய பெயருள்ள கல்லூரியின் பெஞ்சைவிட அவனை இரண்டாம் வாரமே களத்தில் விடும் சின்னக் கல்லூரி நல்லது. கிளேட்டன் அப்படித்தான் அயோனாவில் தன் கணக்கைச் சேர்த்துக்கொண்டு மேலே போனார். அழைப்பு வந்தால் அந்தக் கோச்சிடம் அவன் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார்கள், அவர்களுக்கு இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி, போன வசந்தத்தில் மாறி வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்கச் சொல்லுங்கள். கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் ஆட 16 அடிப்படைப் பாடங்களில் தேர்ச்சி காட்ட வேண்டும், ஒன்பதாம் வகுப்பிலிருந்தே அது கணக்கில் வரும், ஆகவே ஒன்டாரியோப் பாடங்களில் எவை ஏற்றுக்கொள்ளப்படும் என்று இப்போதே பள்ளியில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அங்கே வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்கப் பையனுக்குக் கிடைக்கும் விளம்பரப் பணம் கனடாப் பையனுக்கு அதே வழியில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் குடிவரவு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.